பாம்பன் கடற்கரையில் ஐந்து ராத்திரி பஸ்டர் கீட்டன்: மண்டபம் புரொஜெக்டர் அண்ணனைப் பற்றி

இந்த வருஷ மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் சேர்ந்து மண்டபத்தில் இருந்து ஒரு புரொஜெக்டர்காரரை ஐந்து ராத்திரிக்குக் கூப்பிட்டிருந்தோம். எப்படி இருந்தது, எவ்வளவு வாங்கினார், எங்கள் ஊருக்கும் வருவாரா என்று தங்கச்சிமடத்தில் இருந்தும் கீழக்கரையில் இருந்தும் ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொல்லி மாளவில்லை. அதனால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் கணக்கு. ஒரு ராத்திரிக்கு 2,500 ரூபாய் கேட்டார், ஐந்துக்கும் சேர்த்து 12,000-க்குப் பேசி முடித்தோம். புரொஜெக்டர், திரை, இரண்டு ஸ்பீக்கர், அவரும் அவருடைய மருமகனும் வந்து போகிற செலவு எல்லாம் அதில் அடக்கம். ஜெனரேட்டர் நம் பொறுப்பு. நாற்காலியும் நம் பொறுப்புதான், ஆனால் மணல் இருக்கும்போது நாற்காலி யாருக்கு வேண்டும், ஆளுக்கு ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்துவிட்டார்கள், வயசானவர்களுக்கு மட்டும் சர்ச்சில் இருந்து இருபது நாற்காலி வாங்கிப் போட்டோம்.

புரொஜெக்டர்காரருக்கு வயசு அறுபது தாண்டிவிட்டது. ராமநாதபுரத்தில் ஒரு தியேட்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவர், ஃபிலிம் பெட்டி போய் டிஜிட்டல் வந்தபோது வேலையும் போனது. அப்புறம் சொந்தமாக ஒரு புரொஜெக்டர் வாங்கி, அதை டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். புதுப்படம் கேட்டால் தரமாட்டார். அதுதான் இப்போது எல்லார் ஃபோனிலும் இருக்கிறதே, அதற்கு நான் எதற்கு என்பார். அவர் செய்வது வேறு மாதிரி: ஒரே ஒரு நடிகரை எடுத்துக்கொண்டு, அவர் தொழிலுக்கு வந்த நாளில் இருந்து கடைசி வரைக்கும் வரிசையாகக் காட்டுவார். பெயர் பெற்ற படங்களை மட்டும் பொறுக்கி எடுக்கமாட்டார், சறுக்கி விழுந்த வருஷங்களும் உண்டு. எங்களுக்கு அவர் எடுத்தது பஸ்டர் கீட்டன், அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகர்.

எனக்கு கீட்டனை ஏற்கனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காத முகம், தட்டைத் தொப்பி, சாப்ளின் காலத்து ஆள், பேசும்படம் வந்ததும் குரல் எடுபடாமல் காணாமல் போனவர். இதில் கடைசியாகச் சொன்னது முழுத் தப்பு என்று அந்த ஐந்து ராத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. இந்தச் சேவைக்கு நான் நல்ல பெயர் கொடுப்பதற்கு முக்கியமான காரணமும் அதுதான்.

திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் கடற்கரையில் படம் போடக் கூப்பிடுகிறவர்கள் முதலில் பயப்படுவது அதற்குத்தான். மே மாசம் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவருடைய திரை தடித்த வெள்ளைத் துணி, மூன்று பட்டையாகத் தைத்தது. தையல் ஓரமாக உள்ளங்கை அகலத்துக்கு அரைவட்ட வெட்டுகள் போட்டிருக்கிறார், காற்று அடிக்கும்போது அந்த வெட்டுகள் மீன் செவுள் மாதிரி திறந்து காற்றை விட்டுவிட்டு மூடிக்கொள்கின்றன. தூரத்தில் இருந்து பார்த்தால் வெட்டு இருப்பதே தெரியவில்லை. நான் வலைக்கடை வைத்திருக்கிறவன், கயிறு முடிச்சு எல்லாம் எனக்குத் தொழில். அவர் மூலையைக் கட்டிய விதத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நாளும் திரை அசையவில்லை.

முதல் ராத்திரி சின்னப் படங்கள். கீட்டன் 1895-ல் பிறந்தவர், அப்பா அம்மா இருவரும் மேடைக் கலைஞர்கள், குழந்தையைத் தூக்கி எறிவதுதான் அவர்களுடைய காட்சியே, எறிவதற்கு வசதியாகப் பையன் உடுப்பின் முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருப்பார்களாம். விழுந்து எழுந்து சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, முகத்தைக் கல்லாக வைத்திருந்தால் கூட்டம் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறது என்று சின்ன வயசிலேயே கண்டுகொண்டவர். 1917-ல் ரோஸ்கோ ஆர்பக்கிள் என்ற நகைச்சுவை நடிகரின் படத்தில் நடிக்கப் போனபோது கேமராவைப் பிரித்துப் பார்த்துத்தான் தொழிலைத் தொடங்கினார் என்று ஆபரேட்டர் அண்ணன் சொன்னார், சொல்லும்போது அவருக்கே முகம் மலர்ந்துவிட்டது.

படத்தின் நடுவில் வசனத்துக்காக வரும் எழுத்து அட்டைகளை ஆபரேட்டர் அண்ணனே மைக்கில் தமிழில் வாசிக்கிறார். சும்மா மொழிபெயர்ப்பாக இல்லை, நம் பேச்சில். மௌனப்பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் இப்படி ஒரு ஆள் நின்று கதை சொல்வாராம். திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பியதில் தொடங்கிய வழக்கத்துக்கு இவர் தன்னை வாரிசாக நினைக்கிறார், அப்படி நினைக்க இவருக்கு உரிமை இருக்கிறது.

அன்றைக்குப் போட்டதில் 'தி போட்' என்று 1921-ல் வந்த படத்துக்குக் கிடைத்த வரவேற்பை நான் எந்தத் தியேட்டரிலும் பார்த்ததில்லை. வீட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் படகு கட்டுகிறார், கட்டி முடித்து வெளியே இழுத்தால் வாசலை விடப் படகு பெரியது, இழுக்கிற இழுப்பில் வீடே இடிந்து விழுகிறது. சரி, படகாவது மிஞ்சியதே என்று கடலில் இறக்குகிறார்கள். கீட்டன் விறைப்பாக மேலே நிற்கிறார், படகு சரிவில் இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே போய் அப்படியே தண்ணீருக்குள் முழுசாகப் போய்விடுகிறது, நின்றவர் நின்றபடியே, கடைசியில் தொப்பி மட்டும் மிதக்கிறது. பாதிப் பேர் படகு இறக்கிப் பழகியவர்கள். எங்கள் பக்கத்து வீட்டு சம்மாட்டி, படகுச் சொந்தக்காரர், சிரித்த சிரிப்பில் புரையேறி, அவர் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

இன்னொரு இடம். அந்தப் படகின் பாய்மரம் மடங்கும்படி செய்திருப்பார், ஆற்றுப் பாலம் வந்தால் மரம் படுத்துக்கொள்ளும், பாலம் தாண்டினால் எழுந்துகொள்ளும். கப்பலுக்காகப் பாலம் தூக்கிக்கொடுப்பதை 1914-ல் இருந்து மூன்று நான்கு தலைமுறையாகப் பார்த்த ஊர் இது, இப்போது 2025-ல் திறந்த புதுப்பாலமும் நடுப்பகுதி அப்படியே மேலே போகிற பாலம். பாலத்துக்காகப் படகு குனிவது என்பது எங்கள் பிள்ளைகளுக்கு உலகத்திலேயே பெரிய தமாஷ். திரும்பப் போடச் சொல்லிக் கத்தினார்கள். அவரும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மறுபடி போட்டார். படத்தின் ஓட்டத்தைக் கெடுக்கிற வேலை என்று யாராவது சொல்லலாம், நான் சொல்லமாட்டேன்.

இரண்டாம் ராத்திரி 'தி ஜெனரல்', 1926. இதில்தான் எனக்கு முதல் மனக்குறை. அன்றைக்கு அவர் வரவே முக்கால் மணி நேரம் தாமதம், அதோடு மருமகன் படத்துக்குப் பின்னால் இப்போதைய குத்துப்பாட்டு மெட்டுகளை ஓடவிட்டுவிட்டார், இளைஞர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் செய்ததாம். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போய்ச் சொன்னேன், "அண்ணே, அந்தப் பாட்டை நிறுத்திட்டு டிஸ்கில இருக்கிற பியானோவை வைங்க." உடனே மாற்றிவிட்டார், கோபிக்கவில்லை. கூப்பிடுகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

அந்தப் படத்தின் கடைசியில் நிஜ ரயில் எஞ்சின் ஒன்று எரிகிற மரப்பாலத்தின் மேல் ஏறி, பாலம் உடைந்து ஆற்றில் விழும். ஒரேகான் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் என்ற ஊருக்குப் பக்கத்தில், பொம்மை எதுவும் வைக்காமல், உண்மை எஞ்சினையே ஒரே தடவையில் விழவைத்து எடுத்தது. விழுந்த எஞ்சின் இரண்டாம் உலகப்போர் வரைக்கும் அந்த ஆற்றிலேயே கிடந்தது, அப்புறம்தான் இரும்புக்காக எடுத்தார்கள். மற்ற ஊர்களில் அந்த இடத்துக்குக் கைதட்டுவார்கள். எங்கள் ஊரில் ஒரு சத்தம் இல்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் திரும்பி வரவில்லை என்பது இங்கே எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த விஷயம். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழவில்லை.

அதனால் மூன்றாம் நாள் அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. அன்றைக்குப் போட வேண்டியது 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்', 1928. கடைசிப் பகுதி முழுக்கப் புயல். சாயங்காலமே வந்து, வயசானவர்களைத் தேடிப் போய், "இதுல புயல் வருது, வீடு விழுது, போடலாமா வேண்டாமா, நீங்க சொல்லுங்க" என்று கேட்டார். தனுஷ்கோடியில் பிறந்து, அந்தப் புயலில் தப்பி வந்த ஒரு ஆச்சி எங்கள் தெருவில் இருக்கிறார். அவர்தான் சொன்னார், "போடுப்பா, பார்ப்போம்." அந்தப் படத்திலேயே முதலில் வெள்ளம் வருவதாகத்தான் எழுதியிருந்தார்களாம், 1927-ல் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்து ஏகப்பட்ட சாவு, வெள்ளத்தை வைத்துச் சிரிக்கவைக்கக் கூடாது என்று புயலாக மாற்றினார்கள். இதை ஆபரேட்டர் அண்ணன் படம் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார்.

வீட்டின் முன்சுவர் மொத்தமாகப் பெயர்ந்து கீட்டன் மேல் விழுகிற இடம் இந்தப் படத்தில்தான். மாடி ஜன்னல் திறந்திருக்கும், அவர் நிற்கும் இடமும் ஜன்னல் விழும் இடமும் ஒன்று, அதனால் பிழைப்பார். சுவர் நிஜமானது, ஜன்னலுக்கும் அவர் உடம்புக்கும் நடுவில் சில அங்குலம்தான் இடம், நின்ற இடம் கொஞ்சம் விலகினால் முடிந்தது கதை. காற்றில் அவர் முன்னால் சாய்ந்து, கிட்டத்தட்டத் தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து நடக்கப் பார்ப்பார், கால் நகராது. ஆச்சி கன்னத்தில் கை வைத்தபடி முழுசும் பார்த்தார். முடிந்ததும் சொன்னது ஒன்றே ஒன்று: "காத்து இப்படித்தான் வரும். சத்தம்தான் இல்ல."

நான்காம் ராத்திரி. இதற்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுத உட்கார்ந்தேன்.

சாதாரணமாகக் கீட்டன் படம் காட்டுகிறவர்கள் 1928-29 உடன் கடையை மூடிவிடுவார்கள். அதற்கு மேல் இருப்பது சோகக்கதை, பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள். இவர் அங்கேதான் நிதானமாக உட்கார்ந்தார். 1928-ல் என்ன நடந்தது? பேசும்படம் வந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னாலேயே கீட்டன் தன்னுடைய சொந்த ஸ்டூடியோவை விட்டுவிட்டு எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் கம்பெனிக்குச் சம்பளத்துக்குப் போய்விட்டார். அதுவரைக்கும் அவருடைய படங்களுக்குப் பணம் போட்டவர் அவருடைய சகலை ஜோசப் ஷென்க், அவர் தலையிடமாட்டார், கீட்டன் தன் ஆட்களோடு உட்கார்ந்து யோசித்து, தோன்றினால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு கிரிக்கெட் மாதிரி அவர்கள் ஊர் பேஸ்பால் விளையாடிவிட்டு, வழி கிடைத்ததும் திரும்ப எடுப்பார். அந்த ஷென்க்கே எம்.ஜி.எம்.முக்குப் போகச் சொன்னார். சாப்ளினும், இன்னொரு நகைச்சுவை நட்சத்திரமான ஹரால்ட் லாய்டும் போகாதே என்று சொல்லியிருக்கிறார்கள். போனார். வாழ்க்கையில் தான் செய்த பெரிய தப்பு அதுதான் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது ஒரு தகவல். 1929-ல் 'ஸ்பைட் மேரேஜ்' படத்தைப் பேசும்படமாக எடுக்கலாம் என்று கேட்டவர் கீட்டன்தான். மறுத்தது கம்பெனி. அதுதான் அவருடைய கடைசி மௌனப்படம். பேச்சைக் கண்டு பயந்த ஆள் என்று நாம் காலம் காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் மனுஷன், பேசவிடுங்கள் என்று போய்க் கேட்டிருக்கிறார்!

குரலும் எடுபடாத குரல் இல்லை. தாழ்ந்த, கொஞ்சம் கரகரப்பான, மேடையில் வளர்ந்தவனுக்கு இருக்கவேண்டிய குரல். முதல்முறையாக அந்தக் குரல் ஸ்பீக்கரில் வந்தபோது மூன்று நாளாக அவரோடு பழகிவிட்ட எங்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு, அவர் ஆளுக்கு ஏற்ற குரல்தான் என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். 1930-ல் வந்த 'ஃப்ரீ அண்ட் ஈஸி'தான் அவர் கதாநாயகனாகப் பேசிய முதல் படம். அதையே ஸ்பானிஷ் மொழியிலும் எடுத்தார்கள். டப்பிங் கிடையாது, கீட்டனே திரும்ப நடித்து, ஸ்பானிஷை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்து பேசியிருக்கிறார். அப்புறம் வந்த படங்களில் பிரெஞ்சும் ஜெர்மனும் கூட உண்டு. அடுத்த வருஷம், 1931-ல், நம் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' தமிழும் தெலுங்கும் கலந்து பேசிக்கொண்டு வந்தது. உலகம் முழுக்க அந்த இரண்டு மூன்று வருஷம் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆனால் படத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மௌனப்படத்தில் கீட்டன் யார்? முதலில் தடுமாறுவார், எல்லாம் கை நழுவும், ஆனால் பாதிப் படத்துக்கு மேல் அந்தப் படகோ ரயிலோ எப்படி ஓடுகிறது என்று அவருக்குப் பிடிபட்டுவிடும், அதற்கு அப்புறம் அவரை யாராலும் நிறுத்த முடியாது. இங்கே அவருக்கு எல்மர் என்று பெயர் வைத்து, எதுவும் தெரியாத, எல்லாரும் பாவப்படுகிற ஒரு அப்பாவியாக ஆக்கிவிட்டார்கள். கடைசியில் முகத்தில் வெள்ளைப் பூச்சுப் பூசி, கோமாளி உடுப்பு மாட்டி, காதலித்த பெண்ணையும் இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் சம்மாட்டி அப்போது சொன்னது இது: "சொந்த வள்ளத்தை வித்துட்டு விசைப்படகுல கூலிக்குப் போயிருக்கான். எங்க வலை விடணும்னு அவனுக்குத் தெரியும், ஆனா சுக்கான் அவன் கையில இல்ல." நான்காம் ராத்திரியில் கேட்ட எல்லா விளக்கத்திலும் எனக்கு இதுதான் நின்றது.

இன்னொன்று, இந்தப் பேசும்படங்கள் ஓடாமல் போகவில்லை. நன்றாக ஓடின, கம்பெனி சம்பாதித்தது. 'தி ஜெனரல்' தான் வந்த காலத்தில் கையைக் கடித்த படம். இன்றைக்கு எதை எல்லாரும் தலையில் தூக்கி வைக்கிறார்களோ அது அன்றைக்கு நஷ்டம், எதைப் பார்க்க முடியவில்லையோ அது லாபம். வாரம் 3,000 டாலர் சம்பளம், அந்தக் காலத்தில். வீட்டில் கல்யாணம் உடைந்தது, குடி அதிகமானது, 1933-ல் கம்பெனி வெளியே அனுப்பியது. அதே எம்.ஜி.எம்.முக்குச் சில வருஷம் கழித்து வாரம் 100 டாலருக்கு மற்ற நடிகர்களுக்கு நகைச்சுவை யோசனை சொல்லிக் கொடுக்கிற ஆளாகத் திரும்பப் போனார். 1933-ல் வந்த 'வாட்! நோ பீர்?' படத்தில் இருந்து பத்து நிமிஷம் மட்டும் போட்டு, அவர் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, போதும் என்று ஆபரேட்டர் அண்ணனே நிறுத்திவிட்டார். அது சரியான முடிவு, பிள்ளைகள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு 1934-ல் இருந்து 1937 வரைக்கும் எஜுகேஷனல் என்ற சின்னக் கம்பெனிக்கு 16 குறும்படம் எடுத்தார். மலிவுப் படங்கள், செட்டைப் பார்த்தாலே தெரிகிறது. அதில் 'கிராண்ட் ஸ்லாம் ஆபரா' என்று 1936-ல் வந்த ஒன்றைப் போட்டார் பாருங்கள், அதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ரேடியோவில் புதுத் திறமைக்கான போட்டி, கீட்டன் அதில் கலந்துகொள்ள ஊரில் இருந்து கிளம்பி வருகிறார், அவருடைய திறமை என்ன தெரியுமா, பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது. ரேடியோவில்! யாருக்கும் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் நின்று வித்தை காட்டுகிறார். பக்கத்தில் பேண்டு வாத்தியக்காரரோடு சண்டை வேறு. சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, சத்தம் மட்டும் கேட்கிற உலகத்தில் உடம்பால் பேசுகிறவன் வந்து நிற்பதைத் தன்னையே வைத்து எடுத்திருக்கிறார். அது தோற்றுப்போனவன் எடுக்கிற படம் இல்லை.

அன்றைக்கு இரண்டாவது மனக்குறை, இது கொஞ்சம் பெரியது. ஜெனரேட்டர் திரைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது, நாங்கள் வைத்த இடம்தான். மௌனப்படத்துக்கு அது தெரியவில்லை, பேசும்படத்துக்குப் பாதி வசனத்தை விழுங்கிவிட்டது. மீதிப் பாதிக்கு மேல் ஆபரேட்டர் அண்ணன் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். எழுத்து அட்டைக்கு அது பொருந்துகிறது, ஒருவர் பேசும்போது மேலே இன்னொருவர் பேசினால் இரண்டும் காதில் ஏறாது. கீழே தமிழில் எழுத்து ஓடினால் போதும், அதற்கு மருமகன் உட்கார்ந்து நாலு நாள் வேலை பார்த்தால் முடியும். இதை நேரிலேயே சொல்லிவிட்டேன். கீட்டனின் குரல் நன்றாகத்தான் இருந்தது என்று காட்ட வந்த ராத்திரியில் அந்தக் குரலை முழுசாகக் கேட்கவிடாதது எனக்கு வருத்தம்.

ஐந்தாம் ராத்திரிக்குக் கூட்டம் குறையும் என்று நினைத்தேன், கூடியது. முதலில் இரண்டு சின்னத் துண்டு. 1950-ல் வந்த 'சன்செட் புலவார்ட்' படத்தில் பழைய மௌனப்பட நடிகர்கள் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிற காட்சி, கீட்டனுக்கு அதில் "பாஸ்" என்று சொல்வது மட்டும்தான் வசனம். அப்புறம் 1952-ல் 'லைம்லைட்', சாப்ளினும் கீட்டனும் சேர்ந்து வந்த ஒரே படம். பியானோவில் வைத்த இசைக் காகிதம் சரிந்துகொண்டே இருக்கும், அதைப் பிடிக்கிறதே கீட்டனுக்கு வேலையாக இருக்கும். நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை, பாரிசில் சர்க்கஸில் வேலை செய்தார், டெலிவிஷன் வந்ததும் அதில் தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார், விளம்பரத்தில் நடித்தார். 1940-ல் எலினாரைக் கல்யாணம் செய்த பிறகு வாழ்க்கையும் ஒரு நிலைக்கு வந்தது. பழைய படங்களின் பிரதிகள் சில, அவர் ஒரு காலத்தில் இருந்த பெரிய வீட்டிலேயே கிடந்து, பின்னால் அந்த வீட்டை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன் கண்ணில் பட்டு வெளியே வந்தன. 1960-ல் கௌரவ ஆஸ்கர். 1965-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி 1-ல், 70 வயசில் இறந்தார், அதுவரைக்கும் நடித்துக்கொண்டேதான் இருந்தார்.

கடைசிப் படம் 'தி ரெயில்ராடர்', 1965, கனடா அரசின் திரைப்பட நிறுவனம் எடுத்தது, அரை மணி நேரம் கூட இல்லை. வசனமே கிடையாது. லண்டனில் பத்திரிகை படிக்கிறார், கனடாவைப் பாருங்கள் என்று விளம்பரம், உடனே பாலத்தில் இருந்து ஆற்றில் குதிக்கிறார், அடுத்த காட்சியில் கனடாக் கரையில் கடலுக்குள் இருந்து நடந்தே ஏறி வருகிறார், ஒரு ரயில்வே மோட்டார் ட்ராலி நிற்கிறது, ஏறி உட்கார்கிறார், அது கிளம்பிவிடுகிறது, கிழக்குக் கடலில் இருந்து மேற்குக் கடல் வரைக்கும் அதிலேயே போகிறார். ட்ராலியில் ஒரு சின்னப் பெட்டி, அதில் இருந்து டீ சாமான், கம்பளி, துப்பாக்கி எல்லாம் வந்துகொண்டே இருக்கும்.

எனக்குப் பக்கத்தில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரயில்வே கேங்மேன் ஒருவர், பழைய பாம்பன் பாலத்தில் ட்ராலியில் போய் வந்தவர். படத்தில் உயரமான பாலம் ஒன்று வரும், அடியில் பெரிய பள்ளம். அந்த இடத்தில் கீட்டன் ஒரு பெரிய மேப்பை விரித்துப் பார்க்கிறார், காற்று அதை அவர் முகத்தோடு சேர்த்துச் சுற்றிவிடுகிறது, கண் தெரியாமல், காகிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே எழுந்து நின்று பாலத்தைக் கடக்கிறார். கிட்டத்தட்ட 70 வயசு. ஆபத்து என்று இயக்குநர் தயங்கினார், இப்படித்தான் எடுக்கவேண்டும் என்று கீட்டன் பிடிவாதமாக நின்று எடுத்தது அது. கேங்மேன் தாத்தா தன் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார், ட்ராலி பாலத்தைத் தாண்டிய பிறகுதான் விட்டார். "காத்து பக்கவாட்டுல வரும், நிக்கக் கூடாது, உக்காரணும்" என்று அவருக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்த வரிசையில் ஒரே ஒரு ஆசை பாக்கி. நம் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டையில் பிறந்த ராஜா சாண்டோ, பம்பாயில் மௌனப்பட நட்சத்திரமாக இருந்து, சென்னைக்கு வந்து 1930-ல் 'பேயும் பெண்ணும்' எடுத்து, பேசும்படம் வந்ததும் இயக்குநராக நின்று 1935-ல் 'மேனகா' கொடுத்து, 1943-ல் இறக்கும் வரைக்கும் தொழிலில் இருந்தவர். பேச்சு வந்தபோது சுக்கானைத் தன் கையில் வைத்துக்கொண்டவர். அவரை இப்படி ஐந்து ராத்திரி காட்டுங்களேன் என்று ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். "எனக்கும் ஆசைதான் தம்பி, ஆனா காட்டுறதுக்குப் படம் எங்க இருக்கு?" என்றார். அவர் நடித்த மௌனப்படங்களில் பெரும்பாலானவை இன்றைக்குப் பார்க்கக் கிடைக்காது. கீட்டனுக்குப் பிரதி கிடைத்தது, நம் ஆளுக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் ஜாமான்களை மூட்டை கட்டிக்கொண்டே அரை மணி நேரம் இதையே பேசிக்கொண்டிருந்தோம்.

கூப்பிட நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். தடைக்காலத்துக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவைக்கவேண்டும், ஏப்ரல் 15-க்கு மேல் கேட்டால் நாள் கிடைக்காது. ஜெனரேட்டரைத் திரையில் இருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி, காற்று போகிற பக்கமாக வையுங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம் என்று மருமகனிடமும் தனியாகச் சொல்லுங்கள். ஐந்து ராத்திரிக்குக் காசு இல்லை, மூன்றுதான் முடியும் என்றால் முதல், நான்காம், ஐந்தாம் ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அவர் கேட்டாலும். அடுத்த வருஷத்துக்கு நாங்கள் இப்போதே 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம், யாரைக் காட்டப் போகிறார் என்று இன்னும் சொல்லவில்லை.